கருப்பு கேட்டால் என்ன சொல்வோம்?

அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமிக்கு உருவம் கிடையாது. சந்தனம் பூசிய பெரிய கதவுதான் சாமி. வரப்புத் தகராறோ, கொடுக்கல் வாங்கலோ, பேசித் தீராததை மதுரைச் சுற்றுவட்டாரத்து மக்கள் அந்தக் கதவுக்கு முன்னால் சத்தியம் பண்ணித் தீர்த்துக்கொள்வார்கள். அங்கே போய்ப் பொய் சொல்ல லேசில் துணிச்சல் வராது. இணையத்தில் தமிழ் படித்து வளர்ந்த நம்மை அந்த வாசலில் நிறுத்தி, "அடுத்தவன் பொருளை எடுத்தாயா?" என்று கேட்டால் தைரியமாக இல்லை என்போம். எல்லாம் இலவசமாகத்தானே கிடைத்தது! "கொடுத்தவர்களுக்கு என்ன செய்தாய்?" என்று கேட்டால்தான் நாக்கு புரளாது.

கொடுத்தவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகின் எந்தெந்த மூலையிலோ இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்தார்கள். நம் ஊரான மதுரையின் பெயரை அதற்கு அவர்கள் வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்களான நம்மில் எத்தனை பேர் அதற்கு ஒரு பக்கமாவது தட்டச்சு செய்து கொடுத்தோம்?

அந்தக் காலத்தில் தளத்துக்கு ஒரு எழுத்துரு. ஒருவர் எழுதியது இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் போட்டால்தான் படிக்க முடியும். எழுதுவதற்கு விசுவநாதனின் அழகி இருந்தது, எ-கலப்பை இருந்தது. எந்த மென்பொருளை எங்கே இறக்குவது, விண்டோஸ் 98-ல் எப்படி நிறுவுவது என்று யாரோ ஒருவர் சுட்டி கொடுத்து, படிப்படியாக எழுதி வைத்திருப்பார். அதைப் பார்த்துத்தான் தமிழில் முதல் வரி அடித்தோம். அடித்த கையோடு அந்தப் பக்கத்தை மறந்தோம். வேலை செய்யாதபோது திட்டியவர்கள் உண்டு. வழு இன்னது என்று உருவாக்கியவருக்கு எழுதிப் போட்டவர்கள் குறைவு.

2004-ல் காசி ஆறுமுகம் தமிழ்மணத்தைக் கொண்டுவந்தார். தமிழ் வலைப்பதிவுகளையெல்லாம் ஓரிடத்தில் திரட்டிக் காட்டியது அது. டொராண்டோவில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், மதுரையில் ஒருவர் என்று அன்றைக்கு எழுதியவர்கள் ஒருவர் கீழ் ஒருவராக வருவார்கள். வாரத்துக்கு ஒரு நட்சத்திரப் பதிவர், வாசகர் பரிந்துரை எல்லாம் இருந்தன. மென்பொருள் விளக்கத்துக்குப் பக்கத்திலேயே சமையல் குறிப்பு, அதற்குக் கீழே அரசியல் சண்டை. தேடாத ஒன்றும் கண்ணில் பட்டது.

நாம் படித்தோம், வாக்குவாதம் செய்தோம், பரிந்துரை விழவில்லை என்று கோபித்துக்கொண்டோம். இதை நடத்துகிறவருக்குச் செலவு இருக்கும், தூக்கம் கெடும் என்று யோசிக்கவில்லை. முகநூல் வந்ததும் எழுதிய நிமிடமே விருப்பக்குறி விழுந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஒவ்வொருவராகக் கிளம்பினோம். பதிவுகளைத் திரட்டிப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டபோது புலம்பியவர்களில் பலர் அதைத் திறந்து பார்த்தே நாளாகியிருந்தது. பின்னாளில் தமிழ்மணம் முடங்கியபோது அதுகூட நமக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

மூடியவர்கள் மேல் பழியைப் போடுவது சுலபம். இலவசமாக இணையப் பக்கம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. அறிவிப்பு ஏப்ரலிலேயே வந்துவிட்டது. அங்கிருந்த தமிழ்ப் பக்கங்களை நகலெடுக்க ஆறு மாதம் இருந்தது. யாராவது எடுப்பார்கள் என்று இருந்துவிட்டோம். 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டில் கிடைக்காமல் போய்விட்டன என்று பியூ ஆய்வு மையம் 2024-ல் கணக்குச் சொன்னது. நம்முடைய பழைய புக்மார்க்குகளைத் தட்டிப் பார்த்தாலே அது புரியும்.

இப்போது நாம் பகிர்வதில்லையா என்றால், முன்னைவிட அதிகம் பகிர்கிறோம். ஒவ்வொரு சித்திரையிலும், முன்பு தேனூரில் வைகை ஆற்றில் இறங்கிய அழகர்கோவில் அழகரைத் திருமலை நாயக்கர் காலத்தில் மதுரைக்கு மாற்றிய கதை வாட்ஸ்அப்பில் சுற்றும். எழுதியவர் பெயர் இருக்காது, எங்கே எடுத்தது என்றும் இருக்காது. தொ. பரமசிவன் ஊர் ஊராக அலைந்து, வர்ணிப்புப் பாடல்களையும் வாய்வழக்குகளையும் கேட்டு எழுதிய 'அழகர் கோயில்' ஆய்வு 1989-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அந்தப் புத்தகத்தின் பெயரை ஒரு வரி சேர்த்து அனுப்ப நமக்கு நேரமில்லை. பெயரை வெட்டிவிட்டால் செய்தி சின்னதாக, அனுப்ப வசதியாக இருக்கிறது. அந்த வசதிதான் நம்மைக் கெடுத்தது.

அழகர் மலையிறங்கி மதுரைக்குப் போய்த் திரும்பும் வழி நெடுக, சாமி நின்று போகும் மண்டகப்படிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின், ஒரு சமூகத்தின் பொறுப்பு. சுட்டிகளைத் தொகுத்துக் கொடுப்பதும் ஒரு மண்டகப்படிதான். சிலர் அதைக் கைக்காசு போட்டு நடத்தினார்கள். நாம் பானகம் குடித்துவிட்டு நகர்ந்தோம். அடுத்த வருஷம் யார் பொறுப்பு என்று கேட்கவே இல்லை.

இன்னும் கேட்கலாம். மதுரைத் திட்டத்து நூல்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஈழத்து எழுத்துகளைச் சேர்க்க 2005-ல் நூலகம் திட்டம் தொடங்கியது. கட்டற்ற மென்பொருளைத் தமிழில் சொல்ல 2012-ல் கணியம் மின்னிதழ் வந்தது. இந்த மாதிரி முயற்சிகளுக்கு எப்போதும் ஆள் வேண்டும். நல்ல கட்டுரை கண்ணில் பட்டால் அதன் முகவரியை வேபேக் மெஷினில் கொடுத்துச் சேமிக்க ஒரு நிமிடம் போதும். தமிழ் விக்கிப்பீடியாவில் செத்துப்போன மேற்கோள் சுட்டி தென்பட்டால், சேமித்த பிரதியின் முகவரியை அங்கே சேர்க்கலாம். குழுவில் அனுப்பும்போது எழுதியவர் பெயர், தேதி, ஏன் படிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

பழைய தமிழ்மணத்தை அப்படியே திரும்பக் கட்ட வேண்டியதில்லை. பத்துப் பேருக்குப் பயன்படும் சுட்டிப் பட்டியலை ஆளுக்கொன்றாக வைத்திருப்போம். தன்னால் முடியாமல் போகும் நாளில் அதை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் இப்போதே பேசி வைப்போம். முன்னவர்கள் கை ஓய்ந்தபோது நாம் போய் நிற்கவில்லை. அடுத்தவர் கை ஓயும்போதாவது போய் நிற்போம்.