பொட்டலம் வருகிறது, குடம் நிரம்பவில்லையே!



புயல் அடித்து ஓய்ந்ததும் நிவாரணம் என்று நம்ம பக்கம் வருவது என்ன? சாப்பாட்டுப் பொட்டலம், ரொட்டி, பாய், பழைய துணி. கொடுப்பவர்கள் நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்ட கையைக் கழுவத் தண்ணீர் எங்கே? இதை நாம்தான் கேட்க வேண்டும். வீட்டில் குடம் காலியானால் முதலில் தவிப்பது நாம்தானே!

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் காற்று. நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் மரங்களும் கரண்ட் கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. ஊரெல்லாம் மழைத் தண்ணீர், குடிக்க மட்டும் சொட்டு இல்லை. காரணம் ஒன்றுதான். கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டி நிரம்பாது.

அப்போது நாங்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். எட்டுக் குடித்தனத்துக்கும் ஒரே மோட்டார். ஆறு நாள் கரண்ட் வரவில்லை. காசு கொடுத்துக் கேன் வாங்கலாம் என்றால், 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் சில்லறை கிடையாது, ஏ.டி.எம்.மும் வேலை செய்யவில்லை. கம்பெனி ஓடாததால் காண்டிராக்ட் வேலை செய்யும் ஆம்பிளைகளுக்குக் கூலியும் இல்லை.

வெளியே சொல்லக் கூச்சப்படும் கஷ்டம் ஒன்று உண்டு. கக்கூஸில் ஊற்றத் தண்ணீர் இல்லை என்றால் பெண்கள் என்ன செய்கிறோம்? தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறோம். இருட்டும் வரை அடக்கிக்கொள்கிறோம். அப்புறம் நீர்க்கடுப்பு வந்து அவதிப்படுகிறோம். மாதவிலக்கு நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். எந்த நிவாரணக் கணக்கிலும் இது ஏறுவதில்லை.

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் வேறு மாதிரி. புயல் கரை கடந்தது ஆந்திராவில், மழை கொட்டியது இங்கே. வெள்ளம் புகுந்த இடங்களில் கிணற்றுத் தண்ணீரும் சம்ப் தண்ணீரும் சாக்கடையோடு கலந்தன. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு ரேஷன் கடை மூலம் 6,000 ரூபாய் கொடுத்தது. பெரிய உதவிதான். ஆனால் பணம் கொடுக்க ஆரம்பித்தது டிசம்பர் 17-ந் தேதி. குடம் காலியானது முதல் நாளே!

இத்தனைக்கும் சென்னைக்கே தண்ணீர் கொடுக்கும் மாவட்டம் நம்முடையது. பூண்டி ஏரி இங்கேதான். 2020-ல் திறந்த கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் நம் தாலுகாவில்தான் இருக்கிறது.

"கரண்ட்டைச் சீக்கிரம் கொடுத்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். மின்வாரிய ஊழியர்கள் பாவம், ராத்திரி பகலாகத்தான் உழைக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கம்பம் சாய்ந்தால் நட நாள் ஆகத்தானே செய்யும்? அதுவரைக்கும் வேறு வழி வேண்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா பக்கம் பல ஊர்களில் ஜெனரேட்டர் வைத்துத்தான் தொட்டியை நிரப்பினார்கள். அதைப் புயலுக்குப் பிறகு தேடாமல் முன்பே ஏற்பாடு செய்யலாமே! ஒடிசாவைப் பாருங்கள். 1999 புயலில் அங்கே சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013-ல் பைலின் வந்தபோது, முன்கூட்டியே லட்சக்கணக்கானவர்களைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோனதால் சாவு சில பத்துகளோடு நின்றது. முன்யோசனைக்கு அவ்வளவு பலன்!

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை.

ஒன்று, மோட்டார் வந்ததும் நாம் மறந்துபோன அடிபம்புகளை ஐப்பசி மழைக்கு முன்னால் பழுது பார்க்க வேண்டும். தெருவுக்கு ஒன்றாவது ஓட வேண்டும்.

இரண்டு, எந்தத் தொட்டிக்கு எந்த ஜெனரேட்டர் என்று ஊராட்சியில் முன்பே எழுதி வைக்க வேண்டும். சிப்காட் கம்பெனிகளில் பெரிய ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. புயல் சமயத்தில் கொடுத்து உதவும்படி அதிகாரிகள் இப்போதே பேசி வைக்கலாம்.

மூன்று, வெள்ளம் வடிந்ததும் கிணற்றுக்கும் தொட்டிக்கும் பிளீச்சிங் பவுடர் போடும் பொறுப்பை மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுக்கலாம்.

இந்தத் தண்ணீர் ரேஷன் கார்டு பார்த்து வரக்கூடாது. ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர்களுக்கும், ஷெட்டில் தங்கி வேலை பார்க்கும் பீகார், ஒடிசாப் பிள்ளைகளுக்கும் சேர வேண்டும். தாகத்துக்கு ஊர் பேர் உண்டா?

ஆகஸ்ட் 15-ந் தேதி கிராம சபை நடக்கிறது. ஆம்பிளைகள் சமாசாரம் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பத்துப் பெண்களாகப் போய், "எங்கள் தெரு அடிபம்பு எப்போது ஓடும்?" என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். என்ன சகோதரிகளே, நான் சொல்வது நியாயம்தானே?

– ஒரு குடும்பத்தலைவி,
கும்மிடிப்பூண்டி.