வேனின் தரையும் வரப்போகும் மழையும்

சித்திரை பிறந்துவிட்டால் நம்மவர் இல்லங்களில் ஊர்ப்பயணப் பேச்சு எழுந்துவிடுகிறது. தேர்வு என்று முடிகிறது, கோயில் கொடைக்கு எத்தனை நாள் தங்குவது என்ற விசாரணைகள் நடக்கின்றன. (இரயில்வே குமாஸ்தாவிடம் இந்நாட்களில் நலம் விசாரிப்போர் அனைவரும் முடிவில் டிக்கெட் விசாரிப்போரே, அது கிடக்கட்டும்.) தாராவியிலும் செம்பூரிலும் வேன் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களுக்கோ இந்த விடுமுறைக்கு வேறொரு பயன் உண்டு. பள்ளிக்கூடம் இல்லை, வண்டி ஓய்ந்து நிற்கிறது, பழுது பார்க்க வேண்டியதை இப்போதே பார்த்தாக வேண்டும். மும்பையில் பருவமழை தொடங்கும் நாள் ஜூன் 11 என்று வானிலைத் துறை கணக்கிட்டிருக்கிறது. அந்தக் கணக்கை முழுதும் நம்பி இருந்துவிடலாகாது. 2025-ஆம் ஆண்டில் மே 26-ஆம் நாளே மழை வந்து நின்றது.

இம்மாதம் நம் பகுதிக்கு வந்த கேள்வி எளியது: ‘வேனுக்குள் போட்ட கம்பளம் தேய்ந்து நைந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு ரப்பர் போடலாமா?’ தாராளமாகப் போடலாம். இந்நகரில் பள்ளிப்பிள்ளைகளையோ இட்லி அண்டாக்களையோ ஏற்றும் வண்டிக்குக் கம்பளமே ஆகாது என்பது நம் துணிந்த கருத்து. ஆயினும் கேள்வியில் ஒன்று விடுபட்டிருக்கிறது. கம்பளத்துக்கும் ரப்பருக்கும் அடியில் ஓர் இரும்புத் தகடு இருக்கிறது. பிள்ளைகளின் கால்களைத் தாங்குவது அத்தகடே. அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்த பின்னரே மேல்விரிப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

நம்மவர் கையில் இருப்பவை பெரும்பாலும் மாருதி வண்டிகள். 1984-இல் ‘மாருதி வேன்’ என்று வந்து, 1988-இல் ‘ஆம்னி’ என்று பெயர் பெற்று, 2019-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி ஒன்று. 2010-இல் வந்த ‘ஈக்கோ’ மற்றொன்று. பழைய வண்டியைக் கைமாற்றி வாங்கும்போது உள்ளே புதிய கம்பளம் மினுமினுப்பாய் இருந்தால் மகிழ்கிறோம். விற்பவர் எதற்காகப் புதிதாகப் போட்டார் என்று கேட்பதில்லை.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாதாரணமாக 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை முதியோர் மறந்திரார். அத்தகைய நாள் வர வேண்டுவதில்லை. கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் அருகே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் சாதாரண மழைநாளே போதும். பிள்ளைகளின் மழைக்கோட்டிலிருந்து வடிவது, குடையிலிருந்து சொட்டுவது, செருப்பில் ஒட்டி வருவது எல்லாம் கம்பளத்துக்குள் இறங்குகின்றன. கம்பளத்தின் அடியில் ஓசையை அடக்குவதற்காகப் பஞ்சு போன்றதொரு விரிப்பு இருக்கும். அது நீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது. மேலே கையை வைத்தால் உலர்ந்தது போலிருக்கும். அடியிலோ காய்ச்சல்காரர் நெற்றியில் போட்ட ஈரத்துணி போலத் தகட்டோடு ஒட்டிக் கிடக்கும். இரும்பும் நீரும் காற்றும் சேர்ந்தால் துரு. கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் அது விரைந்து பரவும். உப்பு ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது.

இரயில் பெட்டிகளிலும் இதே கதைதான். 1955-இல் தொடங்கிய பெரம்பூர்த் தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டிகளில், கழிவறைக்கும் வாயிலுக்கும் அருகிலுள்ள தரைத்தகடே முதலில் அரிக்கும். நீர் புழங்குமிடமும் அது. விரிப்புக்கடியில் மறைந்திருப்பதும் அது. 1915 முதல் நடந்துவரும் நம் மாட்டுங்கா பணிமனை போன்ற இடங்களில் பெட்டி பழுதுக்கு வந்தால், மேல்தரையைப் பெயர்த்து, அரித்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத்தகடு பற்றவைத்த பின்னரே மீண்டும் விரிப்பு ஒட்டுவர். அத்தனை பெரிய பெட்டிக்குச் செய்வதை ஏழடி நீளத் தரைக்குச் செய்ய நம்மால் இயலாதா?

இயலாமற் போவது அறியாமையாலன்று, அவசரத்தால். சயான் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் அன்பர் ஒருவர் நம் சங்கத்து உறுப்பினர். சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில், பள்ளி திறக்க இரண்டே நாள் இருக்கையில், கடை ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுபோனார். கடையின் பெயர் இங்கு வேண்டாம். அவர்கள் பழைய கம்பளத்தை எடுக்கவில்லை. அதன்மேலேயே ரப்பரை விரித்து, சுற்றிலும் பசை தடவி ஒட்டி, இரண்டு மணி நேரத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தனர். ‘மெத்தென்று இருக்கும்’ என்று சமாதானமும் சொன்னார்களாம். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது.

ஆடி மாதத்தில் வண்டிக்குள் ஒரு நாற்றம் எழுந்தது. ஊதுவத்தி கொளுத்திப் பார்த்தார். பின்னர் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “மாமா, கால்ல தண்ணி தெறிக்கு” என்றாள். குனிந்து பார்த்தார், தரை உலர்ந்தே இருந்தது. “குடையில இருந்து வடிஞ்சிருக்கும் தாயி” என்று சொல்லிவிட்டார். மறுநாளும் அவள் சொன்னாள். மூன்றாம் நாள் அவள் ஒன்றும் சொல்லாமல் கால்களை இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளுக்குத் துணையாக வண்டியில் வரும் அன்பரின் மனைவியார் அதைக் கவனித்தார். வீட்டுக்கு வந்ததும் கரண்டிக் காம்பால் ரப்பரின் ஓரத்தை நெம்பித் தூக்கினார். கம்பளம் கறுத்து அழுகியிருந்தது. அதையும் கிழித்துப் பார்த்துவிட்டு, “ஏங்க, இங்க வந்து பாருங்க, ரோடு தெரியுது” என்று கூப்பிட்டார்.

உள்ளங்கை அளவு ஓட்டை. இருக்கையைப் பிடித்திருந்த போல்ட்டுக்கும் அதற்கும் நான்கு விரற்கடைதான் இடைவெளி. ஆறு நாள் வண்டி நின்றது. பெற்றோர் சிலர் வேறு வண்டி பார்த்துக்கொண்டனர். தகடு வைத்துப் பற்றவைத்த கூலி ரப்பர் போட்ட செலவைப்போல் இரு மடங்கு ஆயிற்று. இவற்றையெல்லாம் அவரே நம்மிடம் சொல்லி, எழுதும்படியும் கேட்டுக்கொண்டார். கம்பளம் மட்டும் இருந்திருந்தால் ஈரம் சிறிதளவாவது மேலே உலர்ந்திருக்கும். ரப்பர் மூடியதால் அந்த வழியும் அடைபட்டது. ஈரத்தின்மேல் போட்ட ரப்பர் கம்பளத்தினும் கேடு.

ஆதலின் வேலையைச் செய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். இருக்கைகளைக் கழற்ற வேண்டும். சுற்றி வெட்டிச் சமாளிக்கலாம் என்பார்கள், இணங்க வேண்டாம். கழற்றிய போல்ட்டுகளை இடவாரியாக டப்பாக்களில் போட்டு எழுதி வைத்துக்கொள்வது நலம். வாயிற்படி ஓரத்துப் பட்டைகளை எடுத்துவிட்டுக் கம்பளத்தைக் கிழியாமல் உரிக்க வேண்டும். அதுவே புதிய ரப்பரை வெட்டுவதற்கு அளவு மாதிரி. அடியிலுள்ள பஞ்சு விரிப்பைச் சுரண்டி எடுத்துவிடுக. கம்பளத்துக்கடியில் மின்கம்பிகள் ஓடும். கத்தியைப் பார்த்து நடத்துக. பின் தரையைக் கழுவி, கதவுகளைத் திறந்து, வெயிலில் இரண்டு மூன்று நாள் விட வேண்டும். மே மாதத்தில் செய்யச் சொல்வது இதற்காகத்தான். ஜூலையில் மூன்று நாள் வெயிலை யார் தருவார்?

தரை வெளிப்பட்டதும் ஒரு திருப்புளியால் அங்கங்கே குத்திப் பாருங்கள். மேல்துருவானால் முனை இறங்காது. கம்பி பிரஷ், உப்புத்தாள் கொண்டு தேய்த்து, துருவை மாற்றும் திரவம் தடவி, ரெட் ஆக்சைடு இரு முறை பூசி, அதன்மேல் வண்ணமும் பூசினால் போதும். முனை இறங்கினால் டிங்கர் வேலை செய்பவரிடம் செல்க. சாக்கும் தாரும் வைத்து அடைக்கும் வித்தைகள் வேண்டா. பற்றவைக்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றியாக வேண்டும். சி.என்.ஜி. வண்டியாயின் உருளையை அதற்கென அங்கீகாரம் பெற்றவரே கழற்றிப் பூட்ட வேண்டும். நாம் தொடுவதும் கூடாது, டிங்கர் தொடுவதும் கூடாது. மூன்று ஆண்டுக்கொரு முறை அவ்வுருளைக்குச் செய்தாக வேண்டிய சோதனை நெருங்கியிருப்பின் இரண்டையும் ஒன்றாக முடித்துக்கொள்ளலாம்.

ஆம்னியில் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதன் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு இறுகிப் போயிருந்தால் இப்போதே மாற்றிவிடுக. அவ்வழியாகவும் தரை ஓட்டைகள் வழியாகவும் வெப்பம் மட்டுமன்று, புகையும் உள்ளே வரும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. பிள்ளைகள் தூங்கி வழிவதைக் களைப்பு என்று நினைத்துக்கொள்வோம்.

இனி ரப்பர். கடையில் ரப்பர் என்று கேட்டால் பி.வி.சி. விரிப்பை எடுத்துப் போடுவது வழக்கம். அதுவும் நீரைத் தாங்கும். ஆனால் நாளடைவில் விறைத்துச் சுருங்கும். ரப்பரை மடித்துவிட்டால் தழும்பின்றி மீளும். மடித்த இடம் வெளுத்தால் சுண்ணப்பொடி மிகுதியாகக் கலந்தது என்று அறியலாம். பழைய டயரை அரைத்துச் செய்த விரிப்பு மலிவு; மூடிய வண்டியில் வெயில் நேரத்தில் அதன் வாடை தலைவலி தரும். பள்ளி வேனுக்கு அது வேண்டாம். மூன்று மில்லிமீட்டர் கனம் போதும். சதுர மீட்டர் ஒன்று ஏறத்தாழ நான்கு கிலோ இருக்கும். காசு காசாய்ப் புடைத்த வகை வழுக்காது. நீளக் கோடிட்ட வகையைத் துடைப்பது எளிது. இட்லி, சாம்பார் ஏற்றுவோர் ஒன்று கவனிக்க: இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறி உப்பிவிடும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குக.

ரப்பர் நமக்கு அந்நியமான பொருளன்று. 1876-இல் பிரேசிலிலிருந்து எடுத்துச் சென்ற விதைகள் இலண்டனில் முளைத்து, இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறின. பின்னர் மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய கைகளில் பெரும்பகுதி தமிழர் கைகளே. இன்றும் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், கீரிப்பாறைப் பக்கங்களில் மரத்தில் கிண்ணம் கட்டியிருப்பதை ஊருக்குப் போகும் அன்பர்கள் கண்டிருப்பர்.

விரிப்பை வாங்கியதும் ஒரு மணி நேரம் வெயிலில் பரப்பி வைத்தால் சுருள் அடங்கும். பழைய கம்பளத்தை மேலே வைத்துச் சாக்கட்டியால் கோடிட்டு, சுற்றிலும் இரண்டு விரற்கடை கூட்டி வெட்டுக. உள்ளே பொருத்திப் பார்த்தபின் குறைத்துக்கொள்ளலாம். குறைந்ததைக் கூட்ட முடியாது. முழுத் தரைக்கும் பசை தடவ வேண்டாம் என்பதே நம் எண்ணம். வாயிற்படிப் பட்டையும் இருக்கைப் போல்ட்டும் அதைப் பிடித்துக்கொள்ளும். வேண்டும்போது தூக்கிப் பார்க்கவும் இயலும். ஓசையும் சூடும் மிகுதி என்போர், நீர் உறிஞ்சாத நுரைத் தகட்டை அடியில் போடலாம். பஞ்சு விரிப்பு மறுபடியும் கூடாது.

ஓட்டுநர் காலடியில் ரப்பர் மிதிகளுக்கு முன்பே நின்றுவிட வேண்டும். அதன்மேல் இன்னொரு மிதியடி போடக்கூடாது. இது அற்ப விஷயமன்று. 2009-இல் அமெரிக்காவில், தரைவிரிப்பு நகர்ந்து ஆக்ஸிலரேட்டர் மிதியைச் சிக்கவைக்கிறது என்று டொயோட்டா நிறுவனம் 38 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்நாட்டுச் சாலைகளிலேயே அப்படியாயின், தாராவியின் 90 அடி சாலையில் சொல்ல வேண்டுமா?

கடையில் கொடுத்துச் செய்விப்போர் மூன்று சொற்களைப் பில்லில் எழுதி வாங்குக: ‘பழைய கம்பளம் நீக்கப்பட்டது.’ எழுத மறுக்கும் கடையில் வண்டியை விட வேண்டாம். தரை வெளிப்பட்டதும் கூப்பிடச் சொல்லி, நேரில் போய்ப் பாருங்கள். வீட்டுப் பெண்மணியையும் அழைத்துச் செல்லுங்கள். சேமிப்பிலிருந்து பணம் கொடுப்பவர் பெரும்பாலும் அவரே.

மழை தொடங்கியபின் மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமையில், பின்வாயில் பக்கத்து ரப்பரைத் தூக்கி அடியில் கைவைத்துப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் மடித்து வைத்து, மின்விசிறி ஒன்றை இரவு முழுதும் ஓடவிடுக. பிள்ளைகள் யாராவது காலில் தண்ணீர் தெறிக்கிறது என்றால், அன்றே தூக்கிப் பாருங்கள்.