மோதலைக் கண்டறிதலும் பொறிவேக மாயையும்

கணனித் திரையில் அசையும் பொருள்கள் ஒன்றையொன்று முட்டுகின்றனவா எனக் கண்டறிதல் அற்ப காரியம் என்றும், பொறியின் வேகம் பெருகி வருவதால் அதுபற்றித் தனியே சிந்திக்க வேண்டியதில்லை என்றும் ஒரு கருத்து நிலவுகின்றது. கணிதத்தை வீண்சுமையாகக் கருதுவோருக்கு இஃது உவப்பானதே. ஆயின், இக்கருத்து அடிப்படையிலேயே பிழையானது.

1000 பொருள்கள் அசையும் காட்சியொன்றில் ஒவ்வொன்றையும் ஏனைய அனைத்தோடும் ஒப்பிடின் 499,500 இணைகளைச் சோதித்தல் வேண்டும். பொருள்கள் பத்து மடங்கானால் இணைகள் ஏறத்தாழ நூறு மடங்காகும். ஆயிரம் மடங்கு வேகமுள்ள பொறியை வாங்கினாலும், பொருள்கள் முப்பத்திரண்டு மடங்கானதும் அவ்வேகம் முழுவதும் கரைந்துவிடும்.

இம்முட்டுக்கட்டையைத் தகர்த்தது பொறியன்று. எவற்றை ஒப்பிடத் தேவையில்லை என்னும் ஆராய்ச்சியே. 1995 இல் கோஹென், லின், மனோச்சா, பொன்னம்கி ஆகியோர் வெளியிட்ட முறை இதற்குச் சான்று. ஒவ்வொரு பொருளையும் ஒரு பெட்டிக்குள் அடக்கி, அப்பெட்டியின் நிழலை மூன்று அச்சுகளிலும் விழுத்துவர். ஓர் அச்சிலேனும் இரு நிழல்கள் விலகி நின்றால், அப்பொருள்கள் முட்டவில்லை என்பது உறுதி. நிழல்களை வரிசைப்படுத்துவதும் பெருஞ்செலவன்றோ என வினவலாம். அன்று. ஒரு கணத்துக்கும் அடுத்த கணத்துக்குமிடையே பொருள்கள் சிறிதே நகர்வதால் முந்திய வரிசை பெரும்பாலும் குலையாதிருக்கும். இடம்மாறிய சிலவற்றைத் திருத்தினாற் போதும். சென்ற கணத்தை மறவாதிருத்தலே இதன் சூட்சுமம். (வரலாற்று மாணவர்க்கு இது புதிதன்று.)

இதற்கு முன்னரே, 1988 இல், கில்பேர்ட், ஜோன்சன், கீர்த்தி ஆகிய மூவரும் இரு குவிவுத் திண்மங்களுக்கிடையிலான தூரத்தை விரைவாகக் காணும் வழியொன்றை வகுத்தனர். அதற்கு அடித்தளமாயமைந்தது, இலத்திரன் கணனி தோன்றுமுன்பே 1909 இல் மறைந்த ஹேர்மன் மின்கோவ்ஸ்கியின் கேத்திரகணிதமாகும்.

வேகத்தை நம்புவோரின் தவறு துப்பாக்கிக் குண்டில் இன்னும் தெளிவாகப் புலப்படும். செக்கனுக்கு 900 மீற்றர் விரையும் குண்டொன்று, செக்கனுக்கு 60 முறை சோதிக்கும் நிரலில், இரு சோதனைகளுக்கிடையே 15 மீற்றர் கடந்துவிடுகின்றது. சுவருக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் அது காணப்படும். சுவரில் மட்டும் காணப்படாது. பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் அசைவற்றே நிற்கின்றது என வாதிட்ட கிரேக்க மெய்யியலாளர் சீனோ இதைக் கண்டிருப்பின் நகைத்திருப்பார். 15 சென்ரிமீற்றர்ச் சுவரில் அக்குண்டைத் தவறாது பிடிக்கச் செக்கனுக்கு 6000 சோதனைகள் வேண்டும். சுவர் மெலிய மெலிய அத்தொகை பெருகும். இரு நிலைகளுக்கிடைப்பட்ட பாதையையே ஒரு கோடாகக் கொண்டால், அது சுவரின் தளத்தை வெட்டும் கணத்தை ஒரேயொரு சமன்பாடு தந்துவிடும். பாடசாலைக் கணிதம் கற்றோர் எவரும் தீர்க்கக்கூடிய அச்சமன்பாட்டை விடுத்து, மேலுமொரு விலையுயர்ந்த பொறியைக் கோருவதை எவ்வாறு விஞ்ஞானம் எனக் கொள்வது?