டயர் நான் கொண்டுவருகிறேன்

கலிஃபோர்னியாவில் இருக்கும் மச்சான் மகன் போன ஞாயிறு வீடியோ காலில் வந்தான். கையில் மண்வெட்டி. "என்னடா, அங்கேயும் நூறு நாள் வேலையா?" என்றேன். "போங்க மாமா, பார்க்குல டிஸ்க் கோல்ஃப் கோர்ஸ் போட்டுக்கிட்டிருக்கோம்" என்றான். பின்னால் பத்திருபது பேர் புதர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் கூலி கிடையாதாம். நிலம் நகராட்சியுடையது, உழைப்பு ஆடுகிறவர்களுடையது.

கோல்ஃப் என்று பெயரே தவிர, மட்டையும் இல்லை, பந்தும் இல்லை. டிபன் தட்டைவிடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. தூரத்தில் கம்பத்தில் மாட்டிய இரும்புக் கூடை, அதன்மேல் வட்டமாகத் தொங்கும் சங்கிலிகள். வீசிய தட்டு சங்கிலியில் மோதிக் கூடையில் விழ வேண்டும். இப்படி 9 அல்லது 18 கூடைகள். குறைந்த வீச்சில் முடித்தவர் ஜெயித்தவர். 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் என்பவர் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தபோது கூடைகூடக் கிடையாது, வெறும் கம்பங்கள்தான். சங்கிலிக் கூடையை அவரே பிறகு உருவாக்கினார். 2002இல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். காசியில் கரைப்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது, வீட்டில் சொல்லவில்லை.

இன்று உலகில் 15,000க்கும் மேற்பட்ட களங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை பொதுப் பூங்காக்களில், கட்டணமில்லாமல். மரத்தைச் சுற்றித் தட்டை வளைத்து வீசுவதுதான் ஆட்டத்தின் ருசி என்பதால் முடிந்தவரை மரத்தை வெட்ட மாட்டார்கள். நம்மூரில் மைதானம் என்றாலே முதலில் வருவது ஜேசிபி. அங்கேயும் புகார் இல்லாமலில்லை: தட்டு பட்டு மரப்பட்டை உரிகிறது, நடைப்பயிற்சிக்காரர் தலையைத் தேடி வருகிறது.

சென்னை எலியட்ஸ் கடற்கரையில் ஃபிரிஸ்பீ ஆடுகிறார்கள். அந்தத் தட்டு உளுந்தூர்பேட்டை டோல்கேட்டைத் தாண்டி வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் கூலியில்லா உழைப்புக்கு எங்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பஞ்சமே கிடையாது. மக்காச்சோளம் ஒடித்து முடித்து, மாசியில் ஏரி வற்றியதும் பையன்கள் அரிவாளோடு இறங்குவார்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி, தூரைத் தோண்டி, முள் குத்திய காலோடு தரையைத் திருத்துவார்கள். சாயங்காலம் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிப் பிட்ச்சை இறுக்குவார்கள். பங்குனியில் டென்னிஸ் பால் டோர்னமெண்ட். முதல் பரிசு கொடுக்கும் பெரியவர் படம் ஃபிளெக்ஸில் பையன்களைவிடப் பெரிதாக இருக்கும். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் மைதானம் தண்ணீருக்கடியில். அப்பாவுக்கு நெல் விளையும் என்பதால் பையன்களும் வருத்தப்படுவதில்லை. அடுத்த மாசியில் மறுபடி அரிவாள். (எல்லா ஏரியும் இதற்கானதல்ல. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி பறவைகளுடையது. 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மட்டை வேண்டாம்.)

எங்கள் ஊரில் பூங்காவும் ஒன்று உண்டு. சுற்றுச்சுவர், சறுக்குமரம், ஊஞ்சல், பூட்டு. ஆள் நடமாட்டம் இல்லாத புண்ணியத்தில் வேம்பும் புங்கனும் நன்றாக வளர்ந்திருக்கின்றன. நாலு மரத்தில் பழைய சைக்கிள் டயரைத் தொங்கவிட்டால் நாலு கூடை தயார். ஹெட்ரிக்கே கம்பத்தில்தானே ஆரம்பித்தார்? காலை நேரத்தை நடைப்பயிற்சிக்காரர்களுக்கு விட்டுவிடலாம். ஆட்டம் சாயங்காலம் மட்டும். பராமரிப்பு யார் என்று கேட்பார்கள். வருஷா வருஷம் முள்ளில் மைதானம் வெட்டுகிறவர்களைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வராது.

சாவி வைத்திருப்பவர் இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம்: வரும் ஞாயிறு ஒருநாள் திறந்துவிடுங்கள். புதர் வெட்டப் பையன்கள் வருவார்கள். டயர் நான் கொண்டுவருகிறேன்.