காசு கொடுத்தது நான், பொருள் யாருடையது?

4,999 ரூபாய் கொடுத்து ஒரு பொருள் வாங்குகிறீர்கள். அதை அடுத்த வீட்டுப் பையனுக்கு ஒரு வாரம் இரவல் கொடுக்க முடியாது. சலித்துப் போனால் பாதி விலைக்குத் தள்ளிவிடவும் முடியாது. விற்ற கம்பெனிக்கு மனசு மாறினால், ஒருநாள் காலையில் அது உங்களிடம் இருக்கவே இருக்காது. இதுக்குப் பேரு வாங்குறதா? எங்க ஊர்ல இதுக்குப் பேரு வாடகைங்க. அதுவும் முழு விலையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு, எப்போது காலி செய்யச் சொல்வோம் என்றும் சொல்லாத வாடகை.

வீடியோ கேம்ஸ் பற்றித்தான் பேசுகிறேன். "அட, சின்னப் பசங்க விளையாட்டு" என்று தாவிப் போய்விடாதீர்கள். இன்றைக்கு கேமுக்கு நடப்பதுதான் நாளைக்கு உங்கள் சினிமாவுக்கும் பாட்டுக்கும் புத்தகத்துக்கும்.

பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி வந்தது. இரண்டு வகை. டிஸ்க் போடுவது 49,990 ரூபாய், டிஸ்க் போட வழியில்லாதது 39,990. பத்தாயிரம் மிச்சம் என்று நம்மாட்கள் கணக்குப் போட்டார்கள். அந்தப் பத்தாயிரத்துக்கு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம். டிஸ்க் போட முடிந்தால் நூறு கடைகளில் பேரம் பேசலாம். போட முடியாவிட்டால் உங்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு கடை. அவர்கள் வைத்ததுதான் விலை. 2024 நவம்பரில் வெளிநாடுகளில் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் அந்த இரண்டு வகையும் இல்லை. வந்தபோது 700 டாலராக இருந்த அந்த மெஷினுக்கு டிஸ்க் டிரைவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டியதும் ஓடிவிடுமா என்றால், முதல் தடவை இன்டர்நெட்டில் போய் அனுமதி வாங்கிய பிறகுதான்.

நான் குடியிருக்கும் பிரேசர் டவுனில் (போர்டில் புலிகேசி நகர் என்று இருக்கும், ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்!) பழைய கேம் டிஸ்க் வாங்கி விற்கும் பாய் ஒருவர் இருக்கிறார். எட்டுக்கு எட்டு கடை. புது டிஸ்க் வாங்கிய பையன் ஒரு மாதத்தில் ஆடி முடித்துவிட்டுக் கொண்டுவந்து கொடுப்பான், கொஞ்சம் பணம் போட்டு வேறொன்று எடுத்துப் போவான். அதையே அடுத்தவன் இன்னும் குறைத்து வாங்குவான். நாலு கை மாறும்போது அந்த 4,999 ரூபாய் நாலு வீட்டுக்குப் பங்காகிவிடும். முதல் ஆள் முழு விலை கொடுக்கத் துணிவதே, பிறகு பாதியாவது தேறும் என்ற தைரியத்தில்தான். போன மாதம் பாயிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "வாயே இல்லாத மிஷினா வாங்கிட்டு வராங்க சார். அதுக்கு நான் என்னத்த ஊட்டுறது?" என்றார். இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

நம் ஊரில் வீட்டுக்குள் வந்த எந்தப் பொழுதுபோக்குச் சாமானும் தனி ஒருவனுக்காக வந்ததில்லை. எண்பதுகளில் டிவியும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, மூன்று படக் கேசட்டோடு தெருவே கூடி உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தவர்கள் நாம். கேசட், விசிடி, டிவிடி எல்லாமே கை மாறிக் கை மாறித்தான் நம்மிடம் வந்தன. சம்பளம் குறைவாக இருந்த நாட்டில் புதுத் தொழில்நுட்பம் கீழே இறங்கி வந்த படிக்கட்டே இரவலும் வாடகையும் செகண்ட் ஹேண்டும்தான். அந்தப் படிக்கட்டைத்தான் இப்போது இடிக்கிறார்கள்.

"பைரசிங்க, அதான் காரணம்" என்பார்கள். பிளேஸ்டேஷன் 2 காலத்தில் சிப் போட்ட மெஷினும், மெஜஸ்டிக் நேஷனல் மார்க்கெட்டிலும் சென்னை பர்மா பஜாரிலும் திருட்டு டிஸ்க்கும் கிடைத்தது உண்மைதான். அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் திருட்டு டிஸ்க் வேறு, பழைய டிஸ்க் வேறு. அவென்யூ ரோட்டில் பழைய பாடப்புத்தகம் வாங்குகிறவனைத் திருடன் என்று யாராவது சொல்வார்களா? கம்பெனிகளுக்கு உறுத்துவது திருடன் மட்டும் இல்லை, ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய யோக்கியன் மறுபடி விற்பதும்தான். 2013-இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிவித்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்டர்நெட்டில் ஆஜர் கொடுக்க வேண்டும், பழைய டிஸ்க் விற்கக் கட்டுப்பாடு உண்டு என்றார்கள். உலகமே காறித் துப்பியது. டிஸ்க்கை ஒருவர் இன்னொருவர் கையில் கொடுப்பதையே படம் பிடித்து "எங்கள் கேமை இரவல் கொடுப்பது இப்படித்தான்" என்று கிண்டல் வீடியோ விட்டது சோனி. அதே ஜூன் மாதம் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. அன்றைக்குக் கிண்டலடித்த சோனியே இன்று டிஸ்க் இல்லாத மெஷின் விற்கிறது. கதவால் நுழைய விடாததை ஜன்னலால் கொண்டுவந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

"சும்மா பயமுறுத்தாதீங்க, யாரும் பிடுங்க மாட்டாங்க" என்பவர்களுக்கு: யூபிசாஃப்ட் கம்பெனியின் தி க்ரூ என்ற கார் ரேஸ் கேம் 2014-இல் வந்தது. 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஆடினாலும் ஓடாது. போதாததற்கு, வாங்கியவர்கள் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுத்துவிட்டார்கள். 2023 டிசம்பரில், காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி சேனல் நிகழ்ச்சிகள் உங்கள் பிளேஸ்டேஷனிலிருந்து நீக்கப்படும் என்றது சோனி. கூச்சல் எழுந்து, புது ஒப்பந்தம் போட்ட பிறகுதான் விட்டார்கள். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீமில் இன்னும் விசேஷம். உங்கள் கணக்கை உயில் எழுதிக்கூட யாருக்கும் வைக்க முடியாது என்று 2024-இல் ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் சொன்னார்கள். தாத்தாவின் ரேடியோ பேரனுக்கு வரும். அப்பாவின் கேம் மகனுக்கு வராது!

இன்டர்நெட்டில் வாங்குவது வசதி இல்லையா? வசதிதான். ராத்திரி இரண்டு மணிக்கும் வாங்கலாம், கீறல் விழாது, தொலையாது. தாராளமாக இருக்கட்டும். நான் கேட்பது அந்த வசதியோடு உரிமையையும் கொடு என்பதுதான். "அது டெக்னிக்கலா முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நின்டெண்டோ 2025-இல் டிஜிட்டல் கேமையே குடும்பக் குழுவில் இருப்பவருக்கு இரண்டு வாரம் இரவல் கொடுக்க வழி செய்தது. இரவல் முடியுமென்றால் விற்பதும் முடியும். மனசுதான் இல்லை.

சட்டம்? கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், வெறும் உரிமத்தை விற்றுவிட்டு அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று பட்டன் வைக்கக்கூடாது. ஐரோப்பாவில் கேம்களைக் கொல்லாதே என்று பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். நம் நாட்டில் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையக் கடைகளின் ஏமாற்று வேலைகள் என்று 13 வகையைப் பட்டியல் போட்டது. நல்ல காரியம். ஆனால் வாடகையை விற்பனை என்று சொல்லும் இந்த வேலை அதில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. பதினாலாவதாகச் சேர்க்க என்ன தடை?

கேட்பது மூன்றே மூன்று. வாடகை என்றால் பட்டனில் வாடகை என்று எழுது. வாங்கு என்றால் விற்கவும் இரவல் கொடுக்கவும் விடு. சர்வரை மூடினால், கேம் தானாக ஓடும்படி செய்துவிட்டு மூடு.

இதெல்லாம் நடக்கும் வரை, தீபாவளி போனஸில் பிள்ளைக்கு மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை டெராபைட், எத்தனை கே என்று பார்ப்பதற்கு முன்னால், அதற்கு வாய் இருக்கிறதா என்று பாருங்கள்.