கூப்பிடவும் எழுதவும் ஒரு பெயர்

ஆண் குழந்தை பிறந்துவிட்டது! தெருவெல்லாம் சர்க்கரை வழங்கியாகிவிட்டது. அடுத்த கேள்வி, "பிள்ளைக்கு என்ன பெயர்?"

"தாத்தா பேரை வைப்பா" என்கிறாள் ஆயா.

"அது பழைய பேரும்மா. புதுசா இருக்கட்டும்" என்கிறான் மகன்.

சித்தப்பா செல்போனைத் தட்டிப் பத்துப் பெயர்களைப் படிக்கிறார். ஒன்றுகூட ஆயாவின் வாயில் நுழையவில்லை!

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கரையோரம் எங்கும் இந்தப் பேச்சு நடக்கிறது. நடக்கவேண்டியதுதான். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். "இந்தப் பெயரை எழுதுவது எளிதா?"

பெயர் தொட்டிலோடு நின்றுவிடுவதில்லை. பள்ளிக்கூடம் போகிறது. ரேஷன் கார்டில் ஏறுகிறது. தொழிற்சாலை வாசலில் நிற்கிறது. பாஸ்போர்ட்டில் ஏறிக் கடல் கடக்கிறது. போகிற இடமெல்லாம் யாரோ ஒருவர் அதை எழுதுகிறார்.

ஒரு பெயர், பல ஸ்பெல்லிங்

'கார்த்திக்' என்ற பெயரைப் பாருங்கள். தமிழில் ஒரே விதமாகத்தான் எழுதுவோம். இங்கிலீஷில்? கடைசியில் ஒருவர் 'கே' மட்டும் போடுகிறார். இன்னொருவர் 'சி, கே' என்று இரண்டு எழுத்துப் போடுகிறார். நடுவில் 'எச்' வருமா, வராதா? அதிலும் தகராறு!

'எழிலன்' அழகான பெயர். ஆனால் 'ழ' என்ற எழுத்து இங்கிலீஷில் இல்லை. ஒருவர் 'இசட், எச்' என்கிறார். மற்றவர் 'எல்' என்கிறார்.

இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். பெரிய விஷயந்தான்!

ஆலையில் முப்பது ஆண்டு உழைத்த ஒரு தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். ஆதார் கார்டில் அவர் பெயர் ஒரு ஸ்பெல்லிங். பி.எஃப். கணக்கில் வேறு ஸ்பெல்லிங். பணம் அவருடையதுதான். வியர்வையும் அவருடையதுதான். ஆனாலும் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அவர் நிரூபிக்கவேண்டும். அவர் கண்ணை மூடிவிட்டால்? காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அலைகிறவள் அவர் மனைவி!

அரசாங்கத்துக்கும் சிரமம்

ஸ்பெல்லிங் தகராறு ஊர்ப் பெயர்களையும் விடவில்லை. தமிழ் ஒலிக்கு ஏற்றபடி 1,018 ஊர்களின் பெயர்களை இங்கிலீஷில் எழுதும் முறையை மாற்றித் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. அதில் நம் தண்டையார்பேட்டையும் இருந்தது. 2020 ஜூனில் அந்த ஆணை வெளியே வந்ததும் ஒரே விவாதம்! அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

அயர்லாந்து நாட்டிலும் இதே கதைதான். அங்கே யோவான் என்ற பெயரை 'ஷான்' என்கிறார்கள். எழுதுவதோ எஸ், இ, ஏ, என்! தெரியாதவர் 'சீன்' என்று படித்துவிடுவார். அதனால் வெளிநாடுகளில் பலர், சொல்வதற்கு ஏற்றபடி ஸ்பெல்லிங்கை மாற்றிக்கொண்டார்கள்.

அதே நாட்டின் இன்னொரு பெயர் 'லியாம்'. நான்கே எழுத்து. எல், ஐ, ஏ, எம். தொல்லை இல்லை! 2017 முதல் பல ஆண்டுகள் அமெரிக்காவில் ஆண் குழந்தைகளுக்கு அதிகமாக வைக்கப்பட்ட பெயர் அதுதான்.

முன்னோர் காட்டிய வழி

நம் ஊர்ப் பெரியவர்கள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். அயர்லாந்தில் 'ஷான்' ஆன அதே யோவானைத் தமிழர் 'அருளப்பர்' என்றார்கள். பீட்டரை 'ராயப்பர்' என்றார்கள். பாலை 'சின்னப்பர்' என்றார்கள். ராயபுரம் என்ற பெயரே ராயப்பரால் வந்தது என்பார்கள். எங்கிருந்தோ வந்த பெயரை, வாய்க்கும் கைக்கும் எளிதாக்கிக்கொண்டார்கள். அதுவல்லவா புத்திசாலித்தனம்!

அவசரம் வேண்டாம்

பெயர் முடிவாகவில்லையே என்று பதற வேண்டாம். பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்யவேண்டும். ஆனால் பெயர் இல்லாமலும் பதிவு செய்யலாம். பதிவான 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை, தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

ஆனால் எழுதும்போது சரியாக எழுதவேண்டும். 2023 அக்டோபர் 1-ந் தேதியில் இருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் அதுவே வேர். வேரில் ஓர் எழுத்துப் பிசகினால் கிளையெல்லாம் பிசகும்.

பெயர் வைக்கும் முன் மூன்று சோதனை செய்யுங்கள்.

ஒன்று: வீட்டிலேயே வயதானவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். தடுமாறாமல் சொல்கிறாரா?

இரண்டு: மூன்று பேரிடம் பெயரைச் சொல்லித் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா?

மூன்று: தாய் தந்தை பெயர்களை ஆதார் கார்டைப் பார்த்து எழுதுங்கள். நினைவில் இருந்து எழுதாதீர்கள்.

மாறன், ரவி, வேலன், அன்பு, மணி போன்ற பெயர்கள் இந்தச் சோதனையில் எளிதில் தேறிவிடும். அதற்காக எழிலனைக் கைவிட வேண்டுமா? வேண்டாம்! 'ழ' நம் சொத்து. ஆசைப்பட்டால் தாராளமாக வைக்கலாம். ஆனால் ஸ்பெல்லிங் இதுதான் என்று முதல் நாளே வீட்டில் எழுதி வையுங்கள். எண்கணிதம் என்று சொல்லி நடுவில் ஓர் எழுத்தைச் சேர்க்காதீர்கள். அந்த ஓர் எழுத்து அதிர்ஷ்டம் தருமோ, தராதோ! அலைச்சல் தரும்.

இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கூடம் போகாத தாய்மார்கள் பலர் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். தன் பெயரை எழுதப் பழகிய தாய், அடுத்து எழுத ஆசைப்படுவது யார் பெயரை? தன் பிள்ளையின் பெயரைத்தான்!

அந்தத் தாய் தானே எழுதிப் பார்த்து மகிழக்கூடிய பெயராக இருக்கட்டும்.