தமிழ் எண் போட்டா தமிழ்க் கடிகாரமா?

தமிழ் எண் கடிகாரம் பாத்திருப்பீங்க. 1-க்குப் பதிலா ௧, 2-க்குப் பதிலா ௨. "வித்தியாசமா இருக்கே!"ன்னு எங்க கீழ்க்கட்டளைப் பக்கமும் வீட்டு வரவேற்பறையில மாட்டி வெச்சுப் பெருமைப்படுற ஆளுங்க உண்டு. என்னங்க வித்தியாசம்? அதே 12 மணி, அதே மூணு முள்ளு. பெயிண்ட் மட்டும்தான் புதுசு.

அந்தப் பெயிண்டாவது ஒழுங்கா இருக்கான்னா, பத்துக்கு ௧௦-ன்னு போடுறாங்க. பழைய முறையில பத்து ௰, பதினொண்ணு ௰௧, பன்னிரண்டு ௰௨. தமிழ்ச் சுழியம் யூனிகோடுல சேர்ந்ததே 2005-லதான்.

சரி, நம்ம கணக்கு என்ன? ஒரு நாளுக்கு 60 நாழிகை. நாழிகைக்கு 24 நிமிஷம். முகூர்த்தம்னா 2 நாழிகை, சாமம்னா 7½, ராகுகாலம்னா 3¾. வாக்கியப் பஞ்சாங்கத்துல திதியும் நட்சத்திரமும் இந்தக் கணக்குலதான் வருது. சுவருக்கு மட்டும் ஏன் வரலை?

இத்தனைக்கும் வேலை ரொம்ப சுலபம். கடிகார வட்டத்துல ஏற்கெனவே 60 கோடு இருக்கு. அதையே 60 நாழிகைன்னு வெச்சுக்கோங்க. நாளுக்கு ஒரே ஒரு சுத்து வர்ற ஒத்தை முள் போதும். 24 மணி நேரக் கடிகார மெஷின் ஒண்ணும் புதுசு இல்ல. உச்சியில சூரிய உதயம், நேர் கீழே 30-ல அஸ்தமனம் (நாள் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்). வலப்பக்கம் பகல், இடப்பக்கம் ராத்திரி. இதுக்குப் பேரு டிசைன்!

"இதை வெச்சு மேடவாக்கம் பஸ்ஸைப் பிடிக்க முடியுமா?"ன்னு கேப்பீங்க. பஸ்ஸுக்கு மொபைல் இருக்கு சாமி. சுவர்ல மாட்டுறது அழகுக்குத்தானே?

"உதயம் தினமும் மாறுமே?" மாறும். சென்னையில மே கடைசியில 5.40 வாக்குல, ஜனவரி கடைசியில 6.35 வாக்குல. வித்தியாசம் மொத்தமே ரெண்டேகால் நாழிகை சொச்சம். எண் வளையத்தைக் கையால நகர்த்துற மாதிரி செஞ்சா முடிஞ்சது. ஜப்பான்காரங்க இதைவிடக் கஷ்டமானதையே செஞ்சாங்க. அவங்க பழைய கணக்குல பகல் நேரம் கோடையில நீளும், குளிர்காலத்துல சுருங்கும். ஐரோப்பிய எந்திரத்தை வாங்கி, அதைத் தங்க கணக்குக்கு வளைச்சாங்க. 1873-ல மேற்கத்திய நேரத்துக்கு மாறுற வரைக்கும் அப்படித்தான் ஓட்டினாங்க.

சத்தீஸ்கர் கோண்டு மக்கள் கடிகார முள்ளையே இடஞ்சுழியா ஓட விடுறாங்க. பொலிவியா நாடாளுமன்றக் கட்டடத்துலயும் 2014-ல அதையே செஞ்சாங்க. உஜ்ஜயினில 2024-ல வெச்ச கடிகாரம் நாளை 30 முகூர்த்தமாப் பிரிக்குது. அதோட அரசியல் உங்களுக்குப் பிடிக்காமப் போகலாம், எனக்கும் ஆயிரம் கேள்வி இருக்கு. ஆனா இவங்க யாரும் எண்ணுக்கு வேஷம் போட்டு நிறுத்திக்கலை. திசையை மாத்தினாங்க, கணக்கை மாத்தினாங்க.

நாம மட்டும் எழுத்தை ஒட்டிட்டுக் கணக்கைத் தூக்கிப் போட்டுட்டோம். இது தமிழுக்குப் பொன்னாடை போத்துற கதை. போட்டோ எடுத்ததும் மடிச்சு பீரோவுல வெச்சிருவோம்.